சிக்னலில் மட்டும் அணையும் வண்டி

கழக்கூட்டம் மேம்பாலத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு விழுந்தது. பிரேமா பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தினாள். இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. டாஷ்போர்டு நடுங்கத் தொடங்கி ஸ்டீயரிங் கைக்குள் குலுங்கியது. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அணைந்துபோனது.

அந்த வாரத்தில் அது நாலாவது தடவை. பின்சீட்டை மடக்கிப் போட்ட இடத்தில் அறுபத்துநாலு பேருக்கான மதியச் சாப்பாடு டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது. மணி பன்னிரண்டு நாற்பது. பன்னிரண்டரைக்கெல்லாம் ஐ.டி. பார்க்கில் மூன்றாவது மாடி மேசைமேல் இருக்க வேண்டிய சோறு, பாலத்தின் நிழலில் மாட்டிக்கொண்டு நின்றது. விளக்கு பச்சையானதும் பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. பிரேமா சாவியைத் திருப்பினாள், ஆக்சிலேட்டரை அழுத்தினாள், எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. அழுத்திக்கொண்டே இருக்கும்வரை உயிரோடிருந்தது. நாலு அடி நகர்ந்து முன்னால் போன ஆட்டோவுக்காக மறுபடி நிறுத்தினாள். மறுபடி அணைந்தது.

பிரேமாவுக்கு முப்பத்தொன்பது வயது. போனக்காடு எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எஸ்டேட்டில் வேலை நின்றுபோனபோது கீழே இறங்கி வந்து, கழக்கூட்டத்துப் பெண்கள் விடுதிகளில் பதினொரு வருஷம் அடுக்களையில் நின்றாள். கூடவே நின்றவள் அம்பாசமுத்திரத்துக் கோமதியம்மாள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஒருநாள் விடுதிக்காரர் பருப்பில் தண்ணீர் ஊற்றச் சொன்னதற்கு இருவரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். பாங்கப்பாறையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தாங்களே சமைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டைக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்று பிரேமா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வைத்திருந்த இந்த வெள்ளை ஜென் காரும் அந்த வருஷமே வந்து சேர்ந்தது. தொண்ணூற்றாறாம் வருஷத்து வண்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பக் கார்புரேட்டர் உள்ளது. நாலு வருஷமாக அது அவளை ஏமாற்றியதில்லை. இப்போது மூன்று வாரமாகத்தான் இந்தச் சீக்கு.

அன்றைக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. சாப்பாடு வாங்கும் கம்பெனியில் இந்த விவகாரங்களைப் பார்ப்பவன் நவநீத். கரமனை அக்கிரகாரத்துப் பையன், எப்போதும் தன்மையாகத்தான் பேசுவான். அன்றும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பிரேமாவுக்கு உறைத்தது.

"அக்கா, ஒரு மணி மீட்டிங் இருக்கறவாள்ளாம் சாப்டாமயே போயிட்டா," என்றான். "செவ்வாக்கெழமை புதுசா சேர்றவாளுக்கு விருந்து. நூத்திப்பத்து பேர். நான்வெஜ் வேண்டாம், சைவம் போறும். ஒங்களுக்குத்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். வண்டி இப்டின்னா இப்பவே சொல்லிடுங்கோ, நான் வேற எடத்துல ஏற்பாடு பண்ணிக்கறேன். அன்னிக்கு மட்டும் லேட் ஆகப்படாது."

கொண்டுவந்து விடுகிறேன் என்று பிரேமா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. காலையிலேயே காரைக் காரியவட்டத்தில் சத்தியதாஸின் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாள். சத்தியதாஸ் களியக்காவிளைக்காரர், முப்பது வருஷமாக ஸ்பேனர் பிடிப்பவர். பொய் சொல்லிக் காசு வாங்குகிற ஆள் இல்லை. இதே சீக்குக்காக அவர் ஏற்கெனவே இரண்டு தடவை கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, துளைகளையெல்லாம் காற்றடித்து ஊதி மாட்டியிருந்தார். நாலு பிளக்கையும் மாற்றியாயிற்று, பெட்ரோல் பில்டரும் புதிது. ஒவ்வொரு தடவையும் வொர்க்‌ஷாப்பில் நிற்கும்போது எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. அவரே ஓட்டிப் பார்த்தபோதும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. பிரேமா கையில் வந்து முதல் சிக்னலை எட்டியதும் நடுக்கம் வந்துவிடும்.

மூன்றாம் தடவையாக அவர் கார்புரேட்டரைத் திறந்து பார்த்தார். ஸ்குரூவைத் திருகி, சும்மா நிற்கும்போது எஞ்சின் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும்படி வைத்தார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு வயதாகிவிட்டது, கார்புரேட்டர் உள்ளுக்குள்ளே தேய்ந்துபோயிருக்கும், இனி இதற்குப் புதிது கிடைப்பது கஷ்டம் என்றார்.

"சொல்லுததுக்குச் சங்கடமா இருக்கு பிரேமா. இரும்புக்கடைக்குப் பொளிக்கக் கொடுத்திரு. நல்லதா ஒரு வண்டி நான் பாத்துத் தாரேன், கேட்டோ."

பிரேமா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட்டில் நின்றாள். வேகத்தை ஏற்றிவைத்திருந்ததால் அணையவில்லை. ஆனால் வண்டி முழுக்கக் குளிர் காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறியது. வீட்டுக்கு வந்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. வண்டி மேல் இல்லை. சிக்னலில் ஒரு மாதிரியும் வொர்க்‌ஷாப்பில் ஒரு மாதிரியும் நடக்கிற ஒன்றை யாராலும் விளக்க முடியவில்லையே என்ற கோபம். உலை கொதிக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அடுப்பையோ விறகையோ கேஸையோ பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு மட்டும் வயதாகிவிட்டது என்றால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிய பிறகு, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள். இந்த மூன்று வாரத்தில் வண்டி எங்கெங்கே அணைந்தது என்று நினைவுபடுத்தி எழுதினாள். பாலத்தடி சிக்னல், காரியவட்டம் வளைவு, பஸ் ஸ்டாப்பில் கூட்டத்துக்கு நடுவே. பிறகு, எங்கே நின்றும் அணையவில்லை என்று யோசித்தாள். அதில்தான் ஒன்று உதைத்தது. லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றுக்குத் தினமும் ஆறு சாப்பாடு கொடுக்கிறாள். அது ஏற்றத்தில் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். ஒருநாள்கூட அங்கே வண்டி அணைந்ததில்லை. நடுங்கியதும் இல்லை. பாலத்தடியிலிருந்து ஐந்து நிமிஷத் தூரம்தான் அது. அதே எஞ்சின், அதே சூடு.

ஹாஸ்டல் வாசலில் வண்டி ஓடும்போது அவள் வண்டிக்குள் இருப்பதில்லை.

வேறு என்ன வித்தியாசம்? சிக்னலில் அவள் வலது கால் பிரேக்மேல் இருக்கிறது. அணைந்ததும் பதறிப்போய் ஆக்சிலேட்டரை மிதிக்கிறாள், வண்டி எழுந்துவிடுகிறது. எல்லாரும் சொன்னது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிழைக்கிறது, ஆகவே கார்புரேட்டர் கோளாறு என்று. ஆனால் இரண்டுக்கும் ஒரே கால் அல்லவா? ஆக்சிலேட்டருக்குப் போன கால் பிரேக்கை விட்டுவிட்டது.

தாளை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். காரில் ஏறி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தாள். ஐந்து நிமிஷம் ஓடவிட்டாள். சத்தியதாஸ் ஏற்றிவைத்த வேகத்தில் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. மெதுவாக வலது காலை எடுத்துப் பிரேக்கின்மேல் வைத்து அழுத்தினாள். நடுக்கம் வந்தது. காலை எடுத்தாள், போய்விட்டது. அழுத்தினாள், வந்தது. இன்னும் பலமாக அழுத்திப் பிடித்தாள். எஞ்சின் தடுமாறி, இருமி, அணைந்தது.

மூன்று வாரமாக அவளைத் தெருவில் நிற்கவைத்த சீக்கு, இப்போது அவள் சொன்னபோது வந்தது, சொன்னபோது போனது. பிரேமாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கோமதியம்மாள் உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கார்க் கதவைத் திறந்து, பெடல் பக்கம் காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். கோமதியம்மாள் புளிக்கையோடு குனிந்தாள். பிரேமா பிரேக்கை மிதித்தாள். கோமதியம்மாள் ஒரே தாவலில் பின்னால் போனாள்.

"ஏட்டி, எறங்குட்டி மொதல்ல. உள்ள பாம்பு கெடக்கு. உஸ்ஸுன்னு சீறுது பாரு."

பிரேமா எஞ்சினை நிறுத்திவிட்டுத் தானும் குனிந்து பார்த்தாள். பாம்பு இல்லை. ஆனால் கோமதியம்மாள் சொன்ன சத்தம் உண்மையாக இருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து அழுத்தியபோது பெடலுக்கு மேலே, சுவருக்குள்ளிருந்து, காற்று உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே நின்றால் இது யார் காதில் விழும்?

பானெட்டைத் திறந்தாள். அதற்குள் எத்தனையோ தடவை எட்டிப் பார்த்திருக்கிறாள், தண்ணீர் ஊற்றவும் ஆயில் பார்க்கவும். இந்தத் தடவை பிரேக் பெடல் எங்கே போய்ச் சேருகிறது என்று மட்டும் பார்த்தாள். பெடலுக்கு நேர் எதிரே, எஞ்சின் பக்கத்துச் சுவரில், மூடி போட்ட இட்லிச் சட்டி மாதிரி ஒரு கறுப்பு இரும்பு டப்பா ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முகத்திலிருந்து பெருவிரல் தடிமனில் ஒரு ரப்பர்க் குழாய் கிளம்பியது. அதைக் கையால் தடவிக்கொண்டே போனாள். குழாய் வளைந்து நெளிந்து கார்புரேட்டருக்குச் சற்றுக் கீழே, எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் இறங்குகிற இடத்தில் போய் முடிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். அவளுக்கு எஞ்சினைப் பற்றி அதிகம் தெரியாது. அடுப்பைப் பற்றித் தெரியும். விடுதி அடுக்களையில் பெரிய பர்னரின் அடியில் காற்றுக்கு ஒரு தகடு உண்டு. அதைக் கூடுதலாகத் திறந்துவிட்டால் தீ பர்னரை விட்டு எம்பிக் குதித்துப் படபடத்து அணைந்துவிடும். கேஸ் குறைந்ததாக எல்லாரும் நினைப்பார்கள். கேஸ் அவ்வளவேதான் வந்துகொண்டிருக்கும், காற்றுதான் அதிகம். பிரேக்கை மிதித்தால் அந்த டப்பா எங்கிருந்தோ காற்றைக் குடித்து, இந்தக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் அனுப்புகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியானால் குழாயை அடைத்துவிட்டால்?

"அக்கா, கையக் கழுவிட்டு டிரைவர் சீட்டுல ஏறி இரிங்க."

"நானா? எனக்கென்னட்டி தெரியும் காரு?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். நடுவில இருக்கிற பெடல, நான் சொல்லும்போ மிதிக்கணும். விடுன்னா விடணும். அவ்வளவுதான்."

கோமதியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயில் தேரில் ஏறுகிறவள் போல ஏறி உட்கார்ந்தாள். பிரேமா கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டார்ட் செய்தாள். முதலில் குழாயைத் தொடாமல் மிதிக்கச் சொன்னாள். எஞ்சின் உதறியது. விடச் சொன்னாள். நின்றது உதறல். பிறகு அடுக்களையிலிருந்து பழந்துணியும் பிளையரும் எடுத்துவந்து, குழாயைத் துணியால் சுற்றி, பிளையரால் நெருக்கிப் பிடித்தாள்.

"மிதிங்க."

எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லை.

"மிதிச்சாச்சா?"

"மிதிச்சுக்கிட்டுத்தாம்ட்டி இருக்கேன். இது என்ன, இப்பக் கல்லு கணக்கா இருக்கு. எறங்கவே மாட்டேங்குது."

"இன்னும் பலமா மிதிங்க."

கோமதியம்மாள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மிதித்தாள். எஞ்சின் அசையவில்லை. ஒரே சீராக ஓடிக்கொண்டே இருந்தது. பிரேமா பிளையரைத் தளர்த்தினாள், உடனே நடுங்கியது. நெருக்கினாள், நின்றது. தளர்த்தினாள், நெருக்கினாள். ஆறேழு தடவை செய்து பார்த்தாள். போதும் என்று தெரிந்த பிறகும் இன்னும் இரண்டு தடவை செய்தாள், அந்தச் சந்தோஷத்துக்காக.

கோமதியம்மாளுக்கு என்ன நடந்தது என்று பாதிதான் புரிந்தது. ஆனால் பானெட்டுக்கு மேலே தெரிந்த பிரேமாவின் முகத்தைப் பார்த்து அவளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பெண்கள் ஒரு பழைய காரோடு நின்று சிரிப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமைச் சாப்பாட்டைக் கோமதியம்மாள் ஆட்டோவில் கொண்டுபோவதாக ஏற்பாடு. பிரேக் சம்பந்தப்பட்ட கோளாறு என்று தெரிந்த பிறகு பிரேமா பெரிய ரோட்டுக்குக் காரை எடுக்கத் துணியவில்லை. காலை எட்டு மணிக்கே உள்வழியாக, சைக்கிள் வேகத்தில் உருட்டிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்குப் போனாள். சத்தியதாஸ் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். வண்டி விட வந்த மூன்று பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவளைப் பார்த்ததும் சத்தியதாஸின் முகம் வாடியது. வண்டியைக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டாயா என்று கேட்டார்.

"சத்தியண்ணே, கார்புரேட்டருக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஏறி ஸ்டார்ட் பண்ணி, பிரேக்க மிதிச்சுப் பிடிங்க."

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொருவர் மலையாளத்தில் கேட்டார். பிரேமா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. சத்தியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவளை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். மிதித்தார். எஞ்சின் உதறி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், காலை எடுத்தார், சீராக ஓடியது. மிதித்தார், அணைந்தது. டீ குடித்தவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார்கள்.

பிரேமா பானெட்டைத் திறந்து, கொண்டுவந்திருந்த துணியையும் பிளையரையும் வைத்துக் குழாயை நெருக்கினாள். "இப்ப மிதிங்க," என்றாள்.

அவர் மிதித்துப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்று, அந்தக் கறுப்பு டப்பாவை விரலால் தட்டினார்.

"பூஸ்டர்," என்றார். "இதுக்குள்ள ரப்பர்ல ஒரு தட்டு உண்டு. எஞ்சின் இழுக்குத இழுப்ப வச்சு நமக்குப் பிரேக்க லேசாக்கித் தாரது அதுதான். அது கீறிப்போச்சு. மிதிச்சா வெளிக்காத்து அந்தக் கீறல் வழியா எஞ்சினுக்குள்ள போகும். பின்ன எப்பிடி நிக்கும் வண்டி?" விரலில் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டார். "நான் இங்க ஹேண்ட் பிரேக்கப் போட்டு வச்சிட்டுத்தானே டியூன் பண்ணினேன். ஓட்டிப் பாத்ததும் காலி ரோட்டில. ஓட்டத்தில மிதிச்சா சக்கரமே எஞ்சினச் சுத்தும், தெரியாது. மூணு தடவ கார்புரேட்டரத் தொறந்தேன் பிரேமா. இத நான் பாக்கல்ல."

பெடல் கொஞ்ச நாளாகக் கனமாக இருந்ததா என்று கேட்டார். இருந்தது. நின்று சமைத்து, கால் அசந்துபோய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் திணறியிருப்பாய் என்று அவர் சொன்னார். பிரேமா ஏற்றத்து ஹாஸ்டலிலிருந்து தினமும் இறங்கி வருகிற வழியை நினைத்துக்கொண்டாள்.

சிரித்த ஆள், தன் வண்டியும் சில சமயம் இப்படி நடுங்குவதாக மெதுவாக ஆரம்பித்தார். சத்தியதாஸ் அவரைப் பிரேமா பக்கம் கை காட்டினார். "அவகிட்டச் சொல்லும். எங்க நடுங்குது, எப்ப நடுங்குதுன்னு அவ கேப்பா. நான் போய்ப் பூஸ்டர் வாங்கிட்டு வாரேன்."

தம்பானூரில் பழைய கார்களின் சாமான் விற்கிற கடையொன்று அவருக்குப் பழக்கம். பைக்கில் போனவர் பத்தரைக்குத் திரும்பினார். பின்சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த அட்டைப் பெட்டி தூசி படிந்திருந்தது, ஆனால் பிரிக்கப்படாதது. சாயங்காலத்துக்குள் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பிரேக் ஆயில் மாற்றினார். குழாயும் புதிது. கடைசியாகத் தான் மூன்று வாரமாகத் திருகித் திருகி ஏற்றிவைத்த ஸ்குரூக்களையெல்லாம் பழையபடி இறக்கினார். எஞ்சின் சத்தம் அடங்கி, அடங்கி, டாஷ்போர்டில் கையை வைத்தால்தான் ஓடுகிறது என்று தெரியுமளவுக்கு வந்தது. பழைய பூஸ்டரைப் பிரித்து ரப்பர்த் தட்டை அவளிடம் காட்டினார். ஓரத்தில், விரல் நீளத்துக்கு, வாய் திறந்த மாதிரி ஒரு கிழிசல்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே நாலு அடுப்பும் எரிந்தது. சாம்பார், அவியல், தேங்காய் போட்ட பீன்ஸ் தோரன், மோர்ப் புளிசேரி, பப்படம், பாசிப்பருப்புப் பாயசம். பதினொன்றரைக்குப் பெரிய பாத்திரங்கள் பின்னால் ஏறின. பரிமாற ஆள் வேண்டும் என்று கோமதியம்மாளும் வந்தாள். பாயசத் தூக்கை யாரையும் நம்பி விடமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டாள்.

பாலத்தடிக்கு அவர்கள் வந்தபோது விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. பிரேமா பிரேக்கை மிதித்தாள். பெடல் மெத்தென்று இறங்கியது. முன்னால் பஸ், பின்னால் டேங்கர் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். தொண்ணூறு விநாடி என்று போர்டில் சிவப்பு எண் ஓட ஆரம்பித்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எண்பது. எழுபது. எஞ்சின் ஓடியது. கோமதியம்மாள் தூக்கின் மூடியைச் சற்றுத் திறந்து, பாயசத்தின் மேல்பரப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு அலைகூட எழவில்லை. நாற்பதுக்கு வந்தபோது பிரேமா மூச்சை விட்டாள். பத்துக்கு வந்தபோது அவளுக்கு விளக்கு இன்னும் கொஞ்சம் நின்றால் தேவலை என்றிருந்தது. பச்சை விழுந்ததும் முதலில் கிளம்பியது அந்த வெள்ளை ஜென்தான்.

மூன்றாவது மாடிக்குப் பாத்திரங்கள் போனபோது மணி பன்னிரண்டு ஐந்து. மேசைகளில் விரிப்புகூடப் போட்டு முடியவில்லை. நவநீத் காகிதத் தோரணம் வெட்டிய கத்திரிக்கோலோடு ஓடிவந்தான். "அக்கா, நாங்களே இன்னும் ரெடியாகல்லியே," என்று திகைத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பிரேமா பார்த்ததில்லை. நூற்றுப்பத்து பேர் சாப்பிட்டார்கள். பலர் புளிசேரிக்கு மறுபடி வந்தார்கள். பாயசம் தூக்கில் ஒட்டியதுதான் மிச்சம். கிளம்பும்போது நவநீத் வந்து, ஐந்தாவது மாடிக்காரர்களும் அடுத்த வாரத்திலிருந்து இதே சாப்பாடு வேண்டும் என்று கேட்பதாகச் சொன்னான். பிரேமா ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டுச் சரி என்றாள்.

காருக்கு வந்ததும் கோமதியம்மாள் முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போயி என்ன செய்யப்போறோம்? கடல் பக்கமா ஒரு சுத்துப் போவமாட்டி?"

பைபாஸ் வழியாகச் சங்குமுகத்துக்குப் போனார்கள். ரோடு காலியாகக் கிடந்தது. பிரேமா நாலாவது கியரில் போட்டு, நாலு வருஷத்தில் போகாத வேகத்தில் போனாள். அந்த உச்சிவெயிலில் கடற்கரையில் ஆளே இல்லை. காரை மர நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, தங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாம்பு என்று சொன்னதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று கோமதியம்மாள் கேட்டுக்கொண்டாள். ஏற்கெனவே சத்தியண்ணனிடம் சொல்லியாயிற்று என்றாள் பிரேமா. கோமதியம்மாள் அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

திரும்பும்போது சாக்கையில் சிக்னல் விழுந்தது. நீளமான சிக்னல். பிரேமா காலைப் பிரேக்மேல் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏதோ சொல்லத் திரும்பினாள். கோமதியம்மாள் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.